கலூஃபா, மசீராவா, ஷுவைமியாவா? ஓமன் பாலைக் கரையில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு

ஓமன் வரைபடத்தில் சூரிலிருந்து சலாலா வரை கடலோரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். பெரிய ஊர் என்று துக்ம் ஒன்றைத்தான் சொல்ல முடியும். மற்றதெல்லாம் மணல், உப்புத்தரை, சுண்ணாம்புப் பாறை, அங்கங்கே மீனவர் குடியிருப்பு. நான்கு நாள் விடுமுறையும் ஃபோர் வீல் வண்டியும் சேர்ந்து அமைந்துவிட்டால் மஸ்கட்டில் எல்லோர் வாயிலும் வருகிற பெயர்கள் மூன்று: கலூஃபின் வெள்ளை மணல்மேடுகள், மசீரா தீவு, ஷுவைமியா–ஹாசிக் கரை. மூன்று இடத்திலும் தங்கியிருக்கிறேன். படத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கலூஃபை எடுப்பார்கள். நான் இரண்டு கேள்வி கேட்பேன். வண்டி சிக்கினால் யார் இழுப்பார்கள்? ராத்திரி காற்று திசை மாறினால் எங்கே ஒதுங்குவீர்கள்?

முதலில் செலவுக் கணக்கு, அது சின்னதுதான். 2021 இறுதியில் பெட்ரோலுக்கு உச்சவரம்பு வைத்தபோது 95 ரகம் லிட்டர் 239 பைசா (ஆயிரம் பைசா சேர்ந்தால் ஒரு ஓமன் ரியால்). மஸ்கட்டிலிருந்து கலூஃபோ, மசீராவுக்குப் படகு ஏறும் ஷன்னாவோ, ஒரு வழி 450 முதல் 500 கிலோமீட்டர். போய்வர 150 லிட்டர் என்று வைத்தாலும் 36 ரியாலுக்குள் அடங்கும். ஷுவைமியாவுக்கு ஒரு வழியே 800 கிலோமீட்டருக்கு மேல். கூடுதலாக இருபது முப்பது ரியால் ஆகும், அவ்வளவுதான். போகவர ஒவ்வொரு முழு நாள் போய்விடுகிறதே, அதுதான் உண்மையான விலை. வியாழன் மாலை கிளம்பி சனி இரவு திரும்புகிற ஆளுக்கு ஷுவைமியா கணக்கிலேயே வராது.

இனி கலூஃப். சுகர் டியூன்ஸ் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. சீனி மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி வெள்ளை மேடுகள், அடிவாரத்திலேயே கடல். உள்நாட்டு ஷர்கியா மணலின் செம்பழுப்பு இங்கே கிடையாது. இது பெரும்பாலும் சிப்பியும் சங்கும் நொறுங்கி வந்த சுண்ணாம்பு மணல், அதனால்தான் இந்த வெளுப்பு. ஊரைத் தாண்டினால் சாலை இல்லை. கடல் வற்றியிருக்கும்போது ஈர மணல்மேல் கரையோடு கரையாக ஓட்டிப் போக வேண்டும். மீனவர்கள் பழைய லேண்ட் குரூசர் பிக்கப்பில் படகை இழுத்துக்கொண்டு அதே தடத்தில் போவார்கள். பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும்.

சுலபம் இல்லை. கடல் வற்றியதிலிருந்து முழுக்க ஏற ஏறத்தாழ ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே ஏறும். போகும்போது தார் ரோடு மாதிரி கெட்டியாக இருந்த மணல், திரும்பும்போது தண்ணீருக்கடியில் இருக்கும். எஞ்சியிருப்பது மேட்டோரத்தின் பொலபொல மணல் மட்டும். எனவே கலூஃபுக்குப் போகிறவர்கள் கிளம்பும் நேரத்தை விடுமுறையை வைத்து முடிவு செய்யக்கூடாது, கடல் ஏற்ற அட்டவணையை வைத்து முடிவு செய்ய வேண்டும். நான் பார்த்தவரை பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு பொறி இருக்கிறது. கலூஃபை ஒட்டி பர் அல் ஹிக்மான் தீபகற்பம். குளிர்காலத்தில் சுமார் ஐந்து லட்சம் கரைப்பறவைகள் வந்து இறங்குகிற சேற்றுவெளி. நண்டுண்ணி உள்ளான் கூட்டத்தைப் பார்க்கவே தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதன் நடுப்பகுதி முழுக்க சப்கா, அதாவது உப்புத்தரை. அடியிலிருந்து கசியும் உப்புத்தண்ணீர் வெயிலில் வற்றி மேலே மொறுமொறுவென்று ஓடு கட்டும். ஓட்டுக்குக் கீழே களிச்சேறு. நாலு டயர் ஓடின பழைய தடத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. குறுக்கு வழி என்று இரண்டு மீட்டர் விலகினால் ஓடு உடையும், வண்டி அச்சுவரை இறங்கும். மணலில் சிக்கினால் டயர் காற்றைக் குறைத்து, தோண்டி, டயருக்கடியில் பலகை வைத்து வெளியே வந்துவிடலாம். சப்காவில் ஜாக்கி வைத்தால் ஜாக்கியே உள்ளே போகும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். தடம் ரொம்பக் குலுக்குகிறதே என்று பளபளவென்று தெரிந்த வெற்றுத் தரையில் திருப்பினேன். நாலு மணி நேரம். கடைசியில் ஒரு மீனவர் பிக்கப்பில் வந்தார், எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வராமல் கெட்டித் தரையிலேயே தூரமாக நிறுத்தினார், இருக்கிற கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டு நீளமாக்கினார். எங்கள் டயரில் மிச்சமிருந்த காற்றையும் எங்களைக் கேட்காமலே இறக்கினார். காசு வாங்கவில்லை. 'கருப்பாகத் தெரிகிற இடத்தில் போகாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கலூஃபுக்கு ஒற்றை வண்டியில் போவதில்லை. அடுத்தவரையும் போகச் சொல்வதில்லை.

மசீராவைப் பற்றி மஸ்கட்டில் இரண்டு எண்ணம் உண்டு: தீவு என்பதால் சிரமம், தீவு என்பதால் ஆபத்து. இரண்டுமே தப்பு என்பேன். ஷன்னாவில் வண்டியோடு படகு ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடல் பயணம், அப்புறம் தீவின் ஊரான ஹில்ஃப். அங்கே பெட்ரோல், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறது. தீவைச் சுற்றித் தார்ச் சாலை ஓடுகிறது. நீளம் சுமார் 95 கிலோமீட்டர், அகலமோ எங்கும் பதினைந்தைத் தொடாது. கூடாரக்காரனுக்கு இந்த ஒல்லி உடம்புதான் வரம். கிழக்குக் கரையில் காற்று அடித்துக் கூடாரம் பட்டம் மாதிரி எழும்பினால், சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு அரை மணியில் மேற்குக் கரைக்குப் போய்விடலாம். இப்படி எதிர்க் கரைக்கு மாறிக்கொள்ளும் வசதி மற்ற இரண்டு இடத்திலும் கிடையாது.

கிழக்குப் பக்கம் அலை பெரிது, மணல் அகலம். மேற்கில் ஆழமில்லாத அமைதியான கடல், குழந்தைகளுக்குத் தோது. நடுவில் கருத்த பழுப்பு மலைகள். கடலடித் தரையே மேலே ஏறி வந்த பாறை அது. கலூஃப் மாதிரி பார்த்தவுடன் ஆளை வீழ்த்தும் அழகு இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாம் நாளில்தான் பிடிக்கும்.

ஆமை விஷயத்தில் கவனம். பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் உலகின் மிகப் பெரிய இடங்களில் மசீராவும் ஒன்று. 1970களின் இறுதியில் ஆண்டுக்கு 30,000 பெண் ஆமைகள் வருவதாக மதிப்பிட்டார்கள். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவை கரையேறுவது கோடையில். டிசம்பரில் ஆமை பார்க்கிறோம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் பச்சை ஆமை உட்பட வேறு மூன்று இனங்களும் இங்கே முட்டையிடுவதால், எந்தப் பருவத்திலும் கடல் ஏறும் கோட்டுக்கு மேலுள்ள மணலில் வண்டி ஓட்டாதீர்கள். டயர் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் அங்கேயே காய்ந்துபோகும். கடலைப் பார்த்து விளக்கு போடுவதும் வேண்டாம்.

மசீராவின் குறை படகு வரிசை. நவம்பர் தேசிய தின விடுமுறையில் முன்பதிவு இல்லாமல் போனால் ஷன்னா துறையிலேயே கூடாரம் அடிக்க நேரிடும். கடல் கொந்தளித்தால் திரும்புவதும் தள்ளிப்போகும், ஆகவே ஞாயிறு காலை முக்கியமான வேலை இருப்பவர்கள் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஷுவைமியாவுக்கு வருவோம். வினோதம் என்னவென்றால் மூன்றில் மிகத் தொலைவான இதற்குத்தான் மிகக் குறைந்த ஓட்டுத் திறமை போதும். ஊர் வரை தார்ச் சாலை. ஹாசிக்கிலிருந்து வருகிற பாதை மலையை வெட்டிப் போட்டது, ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபக்கம் செங்குத்தாகக் கடல். சலாலா வரை விமானத்தில் போய் அங்கே வண்டி எடுத்தால் சுமார் 300 கிலோமீட்டர்தான். மஸ்கட்டிலிருந்து ஹைமா வழியாக ஓட்டிச் சலிப்பதைவிட அது எவ்வளவோ மேல். விரிகுடாவை ஒட்டி நீண்ட வெள்ளைக் கரை, பின்னால் வாடி ஷுவைமியாவின் (வாடி என்றால் மழை வெள்ளம் ஓடும் வறண்ட பள்ளத்தாக்கு) பாறைச் சுவர்கள், உள்ளே பேரீச்ச மரமும் நீர்க்குட்டைகளும். கடற்கரையில் காற்று தாங்க முடியாவிட்டால் வாடிக்குள் ஒதுங்கலாம். மேகம் திரண்டிருந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். மழை நம் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தாலே போதும், வாடியில் வெள்ளம் வந்துவிடும்.

எதிரே ஹல்லானியாத் தீவுகள். வாஸ்கோ ட காமாவின் கப்பற்படையைச் சேர்ந்த எஸ்மரால்டா 1503ல் மூழ்கியது அங்கேதான். அதன் எச்சங்களை அகழ்ந்து 2016ல் அறிவித்தார்கள். அந்தக் கடலில் கூனல் திமிங்கிலங்கள் இருக்கின்றன, வேறு கடல்களுக்கு வலசை போகாத தனிக் கூட்டம். ஓமன் கரையில் நூற்றுக்கும் குறைவு என்பதே கணிப்பு. கரையில் உட்கார்ந்து கண்ணில் படும் என்று நம்பிப் போக வேண்டாம், எனக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

பருவம் மூன்றுக்கும் ஒன்றுதான்: அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கரையோரம் மணலை வாரி இறைக்கும். மே, ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் புயல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. 2018 மே மாதம் மெகுனு புயல் சலாலாவைப் புரட்டிப்போட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை.

ஆக, கேட்கிறவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஒரே வண்டி, அனுபவம் குறைவு, ஆனால் விடுமுறை தாராளம் என்றால் ஷுவைமியா. பிள்ளைகளோடு போனால் மசீரா. இரண்டு மூன்று வண்டி, கயிறு, பலகை, காற்றடிக்கும் பம்ப், மணலில் கை பழகிய ஒருவராவது உண்டென்றால் கலூஃப். எனக்கே ஒன்றுதான் வாய்க்கும் என்றால் மசீராவைத்தான் எடுப்பேன். கலூஃபை விரும்புகிற நண்பர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள், பரவாயில்லை.

எங்கே போனாலும் தார் ரோட்டை விட்டு இறங்கும் முன் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐக்குக் கொண்டுவாருங்கள். திரும்ப ரோட்டில் ஏறியதும் நிரப்பாமல் வேகம் எடுக்க வேண்டாம். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அதற்குமேல் ஒரு நாளைக்கு உபரி. இருட்டில் ஓட்டாதீர்கள், ஒட்டகம் ஹார்னுக்கு நகராது. அவசரத்துக்கு எண் 9999, ஆனால் கரையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. போகிற இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். பாலைவனம்தானே என்று கூடாரத்தின் மேல்விரிப்பை மட்டும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். இந்தக் கரையில் ராத்திரி மூடுபனி இறங்கும். ஒரு துளி மழை பெய்யாமலே காலையில் போர்வையைப் பிழிய வேண்டியிருக்கும்.