கிரப்பா, சிஸ்டம்டி-பூட்டா: கெர்னலைத் தேடிப் பிடிப்பதில் யார் கெட்டி?

பழைய எஸ்எஸ்டியில் இடம் போதவில்லை என்று 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பார்ட்டிஷன் பிரித்து, ஃபார்மட் செய்து, உபுண்டு லினக்ஸை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து அப்படியே நகலெடுத்தேன். எந்த பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் புது யூயூஐடியை, அதாவது பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணை, போடவும் மறக்கவில்லை. பழையதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் கறுப்புத் திரை, மூலையில் 'கிரப்>' என்று ஒரே ஒரு வரி. கோப்புகள் எல்லாம் வட்டில் பத்திரமாகத்தான் இருந்தன, தேடிப் போன ஆளின், அதாவது கணினி எழும்போது லினக்ஸின் மையமான கெர்னலைத் தேடி ஏற்றும் கிரப் என்ற பூட்லோடரின், கையில்தான் பழைய முகவரி.

அன்றிரவே கிரப்பை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-பூட்டுக்கு மாறினேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

யார் மெனு அழகு, யார் அரை விநாடி வேகம் என்பதையெல்லாம் விட்டுவிடலாம். பழைய பயாஸ் கணினி என்றால் பேச்சே இல்லை, கிரப்தான். சிஸ்டம்டி-பூட் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐயில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் புதிய வகை ஃபர்ம்வேரில், மட்டுமே ஓடும். இரண்டுக்கும் நிஜமான வித்தியாசம், கெர்னல் எங்கே இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

கிரப்புக்கு முன்னால் லிலோ என்று ஒன்று இருந்தது. அதற்கு வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையான ஃபைல் சிஸ்டமே தெரியாது, கெர்னல் வட்டின் எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்று ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால் கதை முடிந்தது. 2015 டிசம்பரோடு அதன் உருவாக்கமும் நின்றுவிட்டது. அந்தத் தொல்லைக்கு கிரப் தந்த பதில் பெரியது: ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள், வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் எல்விஎம், ரெய்டு எல்லாவற்றையும் தானே படிக்கக் கற்றுக்கொண்டது. கெர்னல் எந்த மூலையில் இருந்தாலும் பெயரைச் சொன்னால் எடுத்து வரும்.

ஆனால் எந்த பார்ட்டிஷனில் தேடுவது என்பதை யாராவது அதற்குச் சொல்ல வேண்டுமே. உபுண்டுவில் யூஇஎஃப்ஐ முதலில் இஎஸ்பியிலிருந்து, அதாவது பூட் கோப்புகளுக்கென்றே ஃபேட்32 வடிவில் இருக்கும் சின்ன பார்ட்டிஷனிலிருந்து, கிரப்பை எடுக்கிறது. கிரப் அங்கேயே மூன்றே வரி கொண்ட ஒரு கோப்பைப் படிக்கிறது. 'இந்த யூயூஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதில் பூட் கோப்புறைக்குள் இருக்கும் கிரப்.சிஎஃப்ஜியை வாசி' என்பதுதான் அதன் சாரம். அந்தப் பெரிய கிரப்.சிஎஃப்ஜிக்குள் கெர்னலைத் தேட அதே எண் மறுபடி வருகிறது, முதன்மை பார்ட்டிஷன் எது என்று கெர்னலுக்குச் சொல்லும் ரூட் அளவுருவிலும் வருகிறது, எஃப்எஸ்டேப்பிலும் இருக்கிறது. ஆக ஒரே எண் நான்கு இடத்தில். நான் மாற்றியது ஒன்றை. அந்த இரவில் கெர்னல் வரியையும், கெர்னலோடு ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியின் வரியையும் கையால் தட்டச்சு செய்து ஒருவழியாக உள்ளே போய், கிரப்பை மறுபடி நிறுவும் கிரப்-இன்ஸ்டால், கிரப்.சிஎஃப்ஜியைப் புதிதாக எழுதும் அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்டிய பிறகுதான் கணினி வழிக்கு வந்தது. கிரப்.சிஎஃப்ஜியைக் கையால் திருத்தியிருக்கலாமே என்றால், 'இதைத் திருத்தாதே' என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. திருத்தினாலும் அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அழிந்துபோகும்.

சிஸ்டம்டி-பூட் இந்தத் தேடலையே செய்வதில்லை. கும்மிபூட் என்ற பெயரில் இருந்து 2015-ல் லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொகுப்புக்குள் வந்த இது, தன்னை எந்த பார்ட்டிஷனிலிருந்து ஃபர்ம்வேர் எடுத்து ஓட்டியதோ அதே பார்ட்டிஷனில்தான் கெர்னலையும் எதிர்பார்க்கிறது. ஃபைல் சிஸ்டம் டிரைவர் எதுவும் சொந்தமாக இல்லை, ஃபேட்டைப் படிக்க ஃபர்ம்வேருக்கே தெரியும் என்பதால் அதை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறது. லோடர் கோப்புறைக்குள் ஒவ்வொரு கெர்னலுக்கும் நாலைந்து வரியில் ஒரு சின்னக் கோப்பு: தலைப்பு, கெர்னல் பாதை, இனிட்ஆர்டி பாதை, அளவுருக்கள். பாதை அந்த பார்ட்டிஷனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, யூயூஐடிக்கு அங்கே வேலை இல்லை. ரூட் அளவுருவில் மட்டும் அது இன்னமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு இடம் இரண்டாகக் குறைந்துவிட்டது. அதிலும் தப்பு நேர்ந்தால் மெனுவில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

சொந்தமாக டிரைவர் வைத்திருப்பதன் செலவை 2023-ல் பலர் பார்த்தார்கள். ஈஎக்ஸ்டி4 வட்டுகளை ஃபார்மட் செய்யும் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்பிராக்ஸ், அந்த ஆண்டு வந்த 1.47 பதிப்பில் ஒரு வசதியை இயல்பாகவே இயக்கிவிட, அப்போது புழக்கத்தில் இருந்த கிரப் 2.06-க்கு அப்படி ஃபார்மட் செய்த வட்டு புரியவே இல்லை. லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் ஒரு படி ஏறும்போதெல்லாம் கிரப்பும் பின்னாலேயே ஏறியாக வேண்டும்.

சரி, கிரப்பில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது வட்டின் ஒரு கணத்தின் நிலையை அப்படியே பிடித்துவைத்த பிரதியிலிருந்து, நேரே பூட் செய்கிறவர்கள் கிரப்பை விட மாட்டார்கள், நான் ஸ்னாப்ஷாட் பக்கம் போனதே இல்லை. டிஜிட்டல் கையெழுத்துள்ள மென்பொருளை மட்டுமே பூட் செய்ய விடும் செக்யூர் பூட்டையும் அணைத்தே வைத்திருக்கிறேன், ஆகவே அந்த விஷயத்தில் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். உபுண்டுவும் ஃபெடோராவும் கையெழுத்திட்ட கிரப்பைத் தாமே தருகின்றன, அது சின்ன வசதி இல்லை.

சிஸ்டம்டி-பூட்டுக்குக் கொடுக்கும் விலை இடம். ஒவ்வொரு கெர்னலும் அதன் இனிட்ஆர்டியும் இஎஸ்பிக்குள் வந்து உட்கார வேண்டும். வின்டோஸ் நிறுவி வழக்கமாக இஎஸ்பிக்கு ஒதுக்குவது 100 எம்பி, அதில் அதன் சொந்தக் கோப்புகள் போக மிச்சத்தில் ஒரு கெர்னல் நுழைந்தாலே பெரிய விஷயம், இரண்டாவது வரும்போது புதுப்பிப்பு பாதியில் நின்றுவிடும். எக்ஸ்பூட்எல்டிஆர் என்ற வகையில் அதே வட்டில் தனி பார்ட்டிஷன் ஒன்று வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு, ஆனால் அதற்கு வேறொரு பார்ட்டிஷனைச் சுருக்கியாக வேண்டும். நான் புது வட்டில் இஎஸ்பிக்கு 1 ஜிபி கொடுத்திருந்ததால் தப்பித்தேன். உங்களுடையது வின்டோஸோடு வந்த மடிக்கணினி, பார்ட்டிஷனைத் தொடவே பயம் என்றால் கிரப்பிலேயே இருங்கள், அந்த மூன்று வரிக் கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றைக்கே ஒருமுறை பார்த்து வையுங்கள்.