கெளிறு வெட்டக் கொடுப்பதென்றால் இந்த அக்காவிடம்தான்

திருகோணமலைச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பாரை, சூரை என்றால் யாரிடமும் கொடுத்து விடுவேன். கெளிறு வாங்குகிற நாளில் மட்டும், கடைசி மூலையில் சாம்பல் சட்டியோடு இருக்கிற அக்காவின் கை ஓயும்வரை காத்திருப்பேன். நேற்று முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

இரண்டு வருசத்துக்கு முன் வேறோர் இடத்தில் முள்ளை எடுக்காமலே பையில் போட்டுத் தந்துவிட்டார்கள். வீட்டில் கழுவும்போது செட்டை முள் பெருவிரலில் ஏறியது. அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டு வரை வீக்கம், எரிவு தோள்மூட்டு வரை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஆகச் சூடான கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில், தோல் பொறுக்கிற வெந்நீரில், ஒரு மணித்தியாலம் கையை வைத்திருந்த பிறகுதான் வலி இறங்கியது. அப்புறம் ஆஸ்பத்திரியில் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டார்கள். இந்த வலிக்கு முதலுதவி வெந்நீர்தான் என்று அங்கேயும் சொன்னார்கள்.

அக்காவின் வேலையைக் கிட்ட நின்று பாருங்கள். தடித்த றப்பர் கையுறை. மீனின் தலையைப் பழந்துணியால் அமுக்கிப் பிடித்து, குறட்டால் முதுகு முள் ஒன்று, பக்கச் செட்டை முள் இரண்டு என மூன்றையும் முறித்து மூடி போட்ட தகரப் பேணியில் போடுவா. ஒரு முள்ளும் நிலத்தில் விழாது. பிறகு சாம்பலை அள்ளிப் பூசித் தலையிலிருந்து வாலுக்கு இழுத்து உரசினால், வழும்பு சாம்பலோடு திரண்டு கயிறு கயிறாக வரும். அடுத்தது உப்பும் பழப்புளியும். அதன் பிறகுதான் கத்தி.

நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். மீனின் வழும்பை வெறும் அழுக்கென்று நினைக்க என்னால் முடியாது. மீன் உயிரோடு இருக்கும்வரை அது காவல். நம் கண்ணீரில் இருக்கிற லைசோசைம் என்ற நொதியம் அதிலும் இருக்கிறது, பக்டீரியாவின் சுவரை உடைக்கும். குவைத்தில் வளைகுடாக் கெளிறின் வழும்பை ஆராய்ந்தவர்கள், காயத்தை விரைவாக ஆற்றுகிற பொருட்களையும் கண்டார்கள், நஞ்சையும் கண்டார்கள். செத்த மீனிலோ அந்தக் காவல் நின்றுபோய், வழும்பே பக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது. அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே அதைக் கழற்றுகிற இந்த ஒழுங்கு எனக்குப் பெரிது.

கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடுகிற சின்னக் கெளிறு சில நாளில் வலையில் கலந்து வரும். நேற்றும் என் பையில் இரண்டு கிடந்தன. அக்கா குறட்டாலேயே தூக்கி ஒதுக்கி வைத்தா. "இதுட வழும்பு புண்ணில பட்டா எரியும் ரீச்சர், விடுங்க" என்றா. அந்த இனத்தின் முள்ளில் மட்டுமல்ல, தோல் வழும்பிலேயே செங்குருதிக் கலங்களை உடைத்து வீக்கம் உண்டாக்குகிற நச்சுப் புரதங்கள் இருப்பதை யப்பானிய ஆய்வாளர்கள் 1980களில் காட்டினார்கள். அந்தப் புரதங்கள் சூடு தாங்காதவை, சட்டியில் கொதித்தால் கெட்டுப்போகும். ஆபத்து வெட்டுகிற கைக்குத்தான். அக்கா அதைப் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கிட்டத்தில் குழாய் இல்லாததால் கழுவுகிற தண்ணீர் வாளியில்தான். கூட்டம் கூடினால் அதே தண்ணீரில் அடுத்த மீனும் இறங்கிவிடுகிறது. மாற்றச் சொன்னேன், முகம் சுழிக்காமல் மாற்றித் தந்தா. ஆனால் கேட்காமலே மாற்ற வேண்டும்.

கூலி கிலோவுக்கு 100 ரூபா, கெளிறுக்கு 150. கொடுக்கலாம். காலை 7 மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமை அக்கா வருவதில்லை. பையில் கெளிறு இருந்தால் போனதும் சொல்லிவிடுங்கள். மற்ற மீன் எல்லாம் முடித்து, பலகையையும் கழுவிய பிறகுதான் அதில் கை வைப்பா.