பெரிய வாட்டர் பார்க்கா, சின்ன வாட்டர் பார்க்கா? முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

போய்வரக்கூடிய தூரத்தில் இரண்டு வாட்டர் பார்க் இருந்தால், பெரும்பாலும் ஒன்று பெரியது, தள்ளி இருப்பது, வானளாவிய சறுக்குகளும் வேவ் பூலும் (செயற்கை அலை எழும் குளம்) கொண்டது. மற்றது சின்னது, பக்கத்தில் இருப்பது, குழந்தைகள் குளமும் நாலைந்து சறுக்குகளும்தான் அதில் இருக்கும். எங்கே சறுக்குகள் அதிகம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அந்த எண்ணிக்கையில் பாதி உங்களுக்குப் பயன்படாமலே போகலாம். வீட்டிலேயே உயரம் குறைந்த ஆள் எத்தனை சறுக்கில் ஏற முடியும் என்று எண்ணுங்கள்.

வேகச் சறுக்குகளில் பெரும்பாலும் 120 சென்டிமீட்டர், அதாவது சுமார் 4 அடி உயரம் கேட்பார்கள். சராசரிக் குழந்தை அந்த உயரத்தை எட்டுவது 7 வயதையொட்டித்தான். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் ஒரு நோட்டை மட்டமாக வைத்துக் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர்தானே குறைகிறது, அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். வளைவில் உடம்பு எப்படிச் சாயும், டியூப்பின் கைப்பிடி எட்டுமா, கீழே விழும் குளத்தில் தலை தண்ணீருக்கு மேலே நிற்குமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். பலர் சேர்ந்து உட்கார்ந்து சறுக்கும் காற்றடைத்த மிதவையான ராஃப்டில் எல்லோருடைய எடையையும் கூட்டி ஒரு வரம்பு வைப்பதும் உண்டு. கனமான பெரியவர்கள் இருவரும் பிள்ளைகளும் ஒரே ராஃப்டில் ஏற முடியாமல் பிரிய நேர்வது அதனால்தான்.

அடுத்தது வரிசை. இதில் பெரிய பார்க் எப்போதும் தோற்கும் என்று சொல்லிவிட முடியாது. படிக்கட்டின் கீழே மூன்று நிமிடம் நின்று, எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆளை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். தனியாளாகப் படுத்துப் போகும் சறுக்கில் 30 விநாடிக்கு ஒருவர் என்றால் மணிக்கு 120 பேர்தான். முன்னால் 60 பேர் நின்றால் அரை மணி நேரம் போய்விடும். அதே 60 பேர் ஐவர் ராஃப்டுக்கு நின்று, 40 விநாடிக்கு ஒரு ராஃப்ட் கிளம்பினால், 12 ராஃப்ட், எட்டே நிமிடம். ஆனால் இருவர் மட்டும் ஏறிய ராஃப்டையும் அப்படியே அனுப்பினால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். சின்ன பார்க்கில் பெரும்பாலும் தனியாள் சறுக்குகள்தான். கூட்டம் குறைவு என்று நம்பி விடுமுறை நாளில் போனவர்கள் அங்கேதான் வெயிலில் காய்கிறார்கள்.

பெரிய பார்க்கின் கவர்ச்சி வேவ் பூல். என் கணக்கில் அதிகக் கவனம் கேட்கும் இடமும் அதுதான். பல குளங்களில் பின்சுவருக்கு அப்பால் உள்ள அறைகளுக்குள் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுவார்கள். அலை சில நிமிடம் வரும், பிறகு நிற்கும். அலையில்லாத நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிம்மதியாக நிற்கும் பிள்ளைக்கு, அலை தொடங்கியதும் அதே இடத்தில் தண்ணீர் முகத்தில் அடிக்கும், காலும் தரையை விட்டுப் போகும். சுற்றிலும் மிதக்கும் டியூப்கள் லைஃப் கார்டின் பார்வையை மறைத்துவிடும். அதனால் அலையில்லாதபோது முழங்காலுக்கு மேல் போகாத இடமே நீச்சல் தெரியாத பிள்ளைக்கு எல்லை. உடம்பு அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கையில் மாட்டும் காற்றுப்பைகள் வெறும் விளையாட்டுச் சாமான். சின்ன பார்க்கின் ஆழமில்லாத குளமும் கவலையற்ற இடமில்லை. ஒரு அடித் தண்ணீரில்கூடக் குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கும். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள்.

தண்ணீரின் தரத்தில் அளவை வைத்து எடை போடாதீர்கள். குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி பளிச்சென்று தெரிய வேண்டும். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடையைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமீனின் வாடை அது. கண் எரிச்சலுக்கும் அதுவே காரணம். நிறம் மாறி அளவைக் காட்டும் சோதனைப் பட்டை ஒன்றை நனைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்: கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் தனிக் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். பி.எச். 8ஐ நெருங்கினால் குளோரின் இருந்தும் அதன் வேலைத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். தண்ணீர் கொஞ்சம், ஆட்கள் அதிகம், வெயில் கடுமை என்பதால் குழந்தைகள் குளத்தில்தான் குளோரின் சீக்கிரம் தீரும். எந்த பார்க்காக இருந்தாலும் அந்தக் குளத்துக்குக் காலையில் போவதே நல்லது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் கூட்டிப்போகவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். நீச்சல் டயாப்பர் அதைத் தடுக்காது.

உடைக்கு இரண்டு இடத்திலும் ஒரே விதிதான்: நைலான் அல்லது பாலியஸ்டர். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அதன் நூல் ஃபில்டரையும் அடைக்கும். உலோக ஜிப், பட்டன் இருந்தால் சறுக்கில் கீறல் விழும் என்று மேலே ஏறியபிறகு திருப்பி அனுப்புவார்கள்.

எல்லோரும் 120 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள் என்றால் தயங்காமல் பெரியது, வேலை நாளில், முழு நாள். மூத்தது 130, இளையது 95 என்று கலந்திருந்தால்தான் சிக்கல். பெரியவர்கள் இருவரே என்றால் ஒருவர் எந்நேரமும் குழந்தைகள் குளத்தில் மாட்டிக்கொள்வார், இன்னொருவர் மூத்ததோடு பூங்காவின் மறுகோடியில் வரிசையில் நிற்பார். பாட்டியோ சித்தப்பாவோ, மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்தால் பெரிய பார்க். வராவிட்டால் எல்லாக் குளமும் ஒரே பார்வையில் படும் சின்னதுதான்.

எதைத் தேர்ந்தாலும் முதல் நாள் போன் போட்டு, பராமரிப்புக்காக எந்தச் சறுக்குகள் மூடியிருக்கின்றன, டியூப்பும் லாக்கரும் டிக்கெட்டில் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரியதற்குத்தான் போகிறீர்கள் என்றால், கதவு திறந்ததும் வாசலருகே உள்ள சறுக்கில் நிற்காமல் நேரே கடைக்கோடிக்கு நடங்கள். கூட்டம் அங்கே வந்து சேர நேரமாகும்.