ஒரு கிரவுண்டு வீட்டுல ரெண்டு சேவல் வச்சு வளர்த்த அனுபவம்

ரெண்டு சேவல் வச்சா சண்டை போடாதான்னு தான் எல்லாரும் கேக்கறாங்க. போடும். ஆனா சென்னையில அதை விட பெரிய தலைவலி பக்கத்து வீடு தான்.

நமக்கு மாதவரம் பக்கம், ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, வீடு போக பின்னாடி மிச்சம் இருக்கற இடத்துல ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கம்பி வலை அடிச்ச ஷெட்டு. சிறுவிடைன்னு சின்ன சைஸ் நாட்டுக்கோழி, அதுல பெட்டைங்க பதினெட்டு இருபது, அப்பப்ப கூடும் குறையும். சேவல் ரெண்டும் ஒரே அடையில பொரிச்ச அண்ணன் தம்பிங்க, ஒண்ணு செவலை இன்னொண்ணு கருப்பு. சில வருஷமா இதே செட்டப் தான் ஓடுது. வெறும் முட்டை தான் வேணும்னா சேவலே தேவையில்லை, பெட்டை தானா போடும், குஞ்சு வேணும்னா தான் இந்த பஞ்சாயத்து எல்லாம்.

கூவறதுல ஒரு வரிசை இருக்கு. காலையில முதல்ல செவலை கூவும், அதுக்கப்புறம் தான் கருப்பு வாயையே திறக்கும். ஜப்பான்ல 2015ல இதையே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, கூட்டத்துல மேல இருக்கற சேவல் தான் முதல் கூவல், அதை எடுத்துட்டா அடுத்தது அந்த இடத்துக்கு வந்துடுமாம். அதே குரூப் 2013லயே, வெளிச்சம் பாத்து மட்டும் இது கூவறதில்ல, உடம்புக்குள்ளயே கடிகாரம் ஓடுதுன்னும் கண்டுபிடிச்சிருக்காங்க, அதனால ஷெட்டை சாக்கு போட்டு இருட்டாக்கினா மட்டும் நாலு மணி கச்சேரி நிக்காது. ஒரு சேவல்னா கூவிட்டு ஓஞ்சிடும், ரெண்டு இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணு பதில் சொல்லிட்டே இருக்கும், அது தான் தொல்லை. ராத்திரி கூண்டை பக்கத்து வீட்டு பெட்ரூம் பக்கத்துலேந்து ரோட்டுப் பக்கம் மாத்தினதும் பாதி குறைஞ்சுது. மீதிக்கு பக்கத்து வீட்டுக்கு நாட்டு முட்டை கொடுத்து சமாளிச்சேன். "தம்பி, பையன் நீட்டுக்கு படிக்கறான், உங்க சேவல் இருக்கறதால அலாரமே வைக்கறதில்ல"ன்னு அந்த அக்கா சொன்னாங்க, அது பாராட்டா திட்டான்னு இன்னும் புரியல.

சண்டை விஷயத்துக்கு வர்றேன். கூடவே வளர்ந்ததுங்க அஞ்சாறு மாசம் ஆகும்போது ஒரு தடவ நல்லா மோதிக்கும், யாரு பெரியவன்னு முடிவானதும் சின்னது ஒதுங்கிக்கும். அதுக்கு ஒதுங்க இடம் வேணும், அது ரொம்ப முக்கியம். ஷெட்டுக்குள்ள குறுக்க ஒரு தட்டி, பழைய டயர், ரெண்டு இடத்துல தீனி தட்டு, இவ்ளோ தான் பண்ணேன், ஒண்ணு கண்ணுல இன்னொண்ணு படாம இருந்தாலே முக்கால்வாசி சண்டை இல்ல. சீக்குன்னு ஒண்ணை தனியா வச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு திரும்ப விட்டா மட்டும் மறுபடி முதல்லேந்து மோதும். வெளியிலேந்து வளர்ந்த சேவலை கொண்டு வந்து விடறது சுத்தமா வேலைக்கு ஆகாது. சித்தப்பா ஆசையா செங்கல்பட்டுலேந்து ஒரு அசில் கிராஸ் (சண்டைக் கோழி கலப்பு) கொடுத்தனுப்பினாரு, வலைக்கு அந்தப் பக்கம் வச்சே கொண்டை கிழிஞ்சு ரத்தம், வந்த வழியே அனுப்பிட்டோம்.

பெட்டைங்க கதி தான் நிறைய பேர் யோசிக்கறதில்ல. ஒரு சேவலுக்கு எட்டு பத்து பெட்டையாவது வேணும்பாங்க, அது சரி தான், ஆனா சேவலுக்கு பிடிச்ச பெட்டைன்னு ரெண்டு மூணு இருக்கும், அதையே போட்டு மிதிச்சு முதுகுல றெக்கை எல்லாம் போயிடும். பழைய ஜீன்ஸ் துணியில தெரு டெய்லர் கிட்ட சின்னதா முதுகுக் கவசம் தச்சு மாட்டினேன், அவர் என்னை பாத்த பார்வை இருக்கே! சேவல் கால் முள்ளு நுனிய அரம் வச்சு மழுக்கிடறதும் நல்லது.

ரெண்டு சேவல்ல எனக்கு நிஜமான லாபம் மே மாசம் தான். வெயில்ல சேவலுக்கு வீரியம் குறையும், கூமுட்டை ஏறும், ஒண்ணு டல்லானா இன்னொண்ணு இருக்கு. எந்த சேவலோட குஞ்சுன்னு தெரியணும்னா மட்டும் மத்ததை பிரிச்சுட்டு மூணு வாரம் பொறுங்க, பெட்டை உடம்புல பழைய விந்து ரெண்டு வாரத்துக்கு மேலயும் தங்கும்.

பத்து பெட்டைக்கு கீழன்னா ஒரு சேவலே போதும், ரெண்டாவதுக்கு ஆசைப்படாதீங்க. மூணாவது நம்ம கிரவுண்டு சைஸுக்கு சான்ஸே இல்ல. ஒவ்வொரு அடையிலயும் பாதி சேவக்குஞ்சா வந்துடும், அதுங்கள நாலு மாசத்துலயே கழிச்சுடறேன், ஆடி வந்தா கேட்டு ஆள் தானா வருவாங்க. சண்டைக் கட்டுக்கு கேட்டு ஒருத்தர் வந்தாரு, நம்ம சிறுவிடை சைஸை பாத்துட்டு அவரே கிளம்பிட்டாரு.