காப்புரிமை எடுத்துத் தருகிறோம் என்று 46,000 ரூபாய் வாங்கிக்கொண்டு "தகுந்த சாய்வு" என்று எழுதிக் கொடுத்தார்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன வாரம் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பிரிவு 15-இன் கீழ் நிராகரிப்பு உத்தரவு வந்தது. பாத்ரூம் தரையில் போடும் நாணி ட்ராப்புக்கான விண்ணப்பம். போன பணம் 46,000 ரூபாய். போனது பணம் மட்டும் என்றால் இந்தப் பதிவே தேவையில்லை. பிளம்பிங் ஃபிட்டிங்ஸ் செய்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் யாராவது இதே வலையில் விழப் போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

காப்புரிமை, டிரேட்மார்க், ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஆன்லைன் தளம் அது. பெயர் போடவில்லை. இந்த முறையில் வேலை செய்வது அது ஒன்று மட்டும் இல்லை.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் எழுத்தில் எங்கே கெட்டது என்று புரியும். சாதாரண நாணி ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். வென்ட் பைப் சரியாக இல்லாத அடுக்குமாடியில், மேல் மாடியில் ஒரு வாளி தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தாலே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வரும். இதற்காக உள்ளே செருகும் மூடிகள் கடையில் ஏற்கெனவே உண்டு. ஸ்பிரிங் வைத்தது, பந்து மிதப்பது, ரப்பர் நாக்கு வைத்தது எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எமன் தலைமுடியும் சோப்புக் கசடும்தான். கீல் தண்ணீர் ஓடும் பாதையிலேயே இருப்பதால் முடி அதில் சுற்றிக்கொள்ளும், நாக்கு பாதி திறந்தபடியே நின்றுவிடும்.

விண்ணப்பம் போட்ட இந்த ட்ராப்பில் கீல் தண்ணீர் படாத பக்கம் இருக்கிறது, நாக்கு வந்து உட்காரும் இருக்கையின் விளிம்புக்கு 7 மில்லிமீட்டர் பின்னால். 2 மில்லிமீட்டர் சிலிக்கோன் நாக்கு, அதன் வாலில் 18 கிராம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடை. அந்த இருக்கைக்கு 12 டிகிரி சாய்வு. 8 டிகிரிக்குக் கீழே போனால் கடைசிச் சொட்டு விளிம்பிலேயே தங்கி, சோப்பு காய்ந்து, நாக்கு ஒட்டிக்கொள்ளும். 18 டிகிரிக்கு மேல் போனால் அந்த 18 கிராம் எடையால் நாக்கை முழுசாக மூட முடியாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி போதும், குட்டிக் கரப்பான் நுழைந்துவிடும். கண்டுபிடிப்பு என்றால் இந்த எண்களும் கீல் இருக்கும் இடமும்தான். நாக்கும் எடையும் உலகத்துக்கே தெரிந்தவை.

இனி நம்ப வைத்த இடத்துக்கு வருகிறேன். பணம் கட்டிய பத்தாம் நாள், இரவு 9 மணிக்கு, வரைவு மின்னஞ்சலில் வந்தது. மொத்தம் 8 பக்கம். மேலே சொன்ன எண் ஒன்றுகூட அதில் இல்லை. போன் போட்டுக் கேட்டதற்கு வந்த பதில்: "சார், நம்பர் போட்டா புரொடெக்‌ஷன் சுருங்கிடும். 12 டிகிரின்னு எழுதினா போட்டிக்காரன் 13 டிகிரியில செஞ்சு தப்பிச்சுடுவான். பிராடா எழுதினாத்தான் யாரும் உள்ள வர முடியாது. நாளைக்குக் காலைல அப்ரூவ் பண்ணிடுங்க, யாராவது முந்திக்கப் போறாங்க."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. முதல் க்ளெய்ம், அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று எல்லை போடும் வாக்கியம், அகலமாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் எண்கள் விவரக்குறிப்புக்குள், அதாவது கண்டுபிடிப்பை விளக்கித் தாக்கல் செய்யும் ஆவணத்துக்குள், இருந்தே ஆக வேண்டும். 8 முதல் 18 டிகிரி, அதில் சிறந்தது 12 என்று விளக்கத்தில் எழுதி, அந்த வரம்பை முதல் க்ளெய்மைச் சார்ந்து அதைக் குறுக்கும் இரண்டாவது மூன்றாவது சார்பு க்ளெய்ம்களில் வைப்பதுதான் முறை. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் எக்ஸாமினர் முதல் க்ளெய்மைத் தட்டினால் இரண்டாவதுக்கு இறங்கி நிற்கலாம். இவர்கள் இறங்கி நிற்கப் படியே வைக்கவில்லை. பக்கம் கூடினால் கட்டணம் கூடும் என்ற காரணமும் செல்லாது: 30 பக்கம், 10 க்ளெய்ம் வரை அரசுக் கட்டணம் ஒன்றேதான்.

ஃபைல் செய்த முதல் க்ளெய்மைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "தரை வடிகால் பொறி ஒன்று, அதில் மூடி ஒன்று உண்டு, மேற்சொன்ன எடையானது மூடியைத் தகுந்த சாய்வில் தாங்கும், தண்ணீர் வரும்போது மூடி எளிதாகத் திறந்து பின்னர் ஏறக்குறைய முழுவதுமாக மூடிக்கொள்ளும், கீல் அல்லது அது போன்ற அமைப்பு முடி சிக்காதவாறு பொருத்தமான இடத்தில் இருக்கும்."

"மேற்சொன்ன எடை" என்கிறார்கள். மேலே எங்கே சொன்னார்கள்? முதல் முறையாக வரும் உறுப்புக்கு "மேற்சொன்ன" போட்டால் அது எந்த எடை என்பதற்கே ஆதாரம் இல்லை. "தகுந்த" என்றால் எத்தனை டிகிரி? "எளிதாக" என்றால் எவ்வளவு தண்ணீர் நின்றால் திறக்கும்? இந்த ட்ராப்புக்கு 8 மில்லிமீட்டர் போதும், அதை எழுத ஒரு வரி ஆகுமா? "ஏறக்குறைய முழுவதுமாக மூடும்" என்பது நாற்றத்தைத் தடுக்கும் பொருளுக்குத் தற்கொலை வாக்கியம். "அது போன்ற அமைப்பு" என்றால் எல்லை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றிலும் மோசம் "முடி சிக்காதவாறு". அது கிடைக்க வேண்டிய பலன். எந்த அமைப்பால் அந்தப் பலன் கிடைக்கிறது என்று சொல்வதுதான் க்ளெய்மின் வேலை. விளம்பர நோட்டீஸில் எழுதுவதைக் க்ளெய்மில் எழுதியிருக்கிறார்கள்.

காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 10(5) ஒரே வரியில் கேட்கிறது: க்ளெய்ம் தெளிவாக, சுருக்கமாக, விவரக்குறிப்பில் சொன்னதை ஆதாரமாகக் கொண்டு இருக்க வேண்டும். முதல் பரிசோதனை அறிக்கை, அதாவது எஃப்ஈஆர், அதே பிரிவைத்தான் முதலில் எடுத்தது. கூடவே ஏற்கெனவே வெளியான இரண்டு ஆவணங்களைக் காட்டி, ஒன்றில் எடை வைத்த நாக்கு, இன்னொன்றில் சாய்ந்த இருக்கை, இதில் புதிதாக என்ன என்று கேட்டது. எக்ஸாமினர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தத் தாளைப் படித்தால் யாருக்கும் அந்தக் கேள்விதான் வரும்.

ஃபைல் செய்தது 2023 ஜூலை. எஃப்ஈஆர் வந்தது 2024 மே. அது தெரிய வந்தது 2024 அக்டோபர் கடைசியில். நடுவில் ஐந்து மாதம் அவர்கள் மின்னஞ்சலில் தூங்கியது. விண்ணப்பத்தில் தபால் முகவரி, மின்னஞ்சல் எல்லாம் அவர்களுடையதாகவே போட்டிருந்ததால் அலுவலகக் கடிதம் ஒன்றுகூட நேரடியாக வரவில்லை. கேட்டபோதெல்லாம் "அண்டர் பிராசஸ் சார்". அடுத்த முறை "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". அதற்கடுத்த முறை வேறு பெண், வேறு பெயர், "நான் புதுசா சேர்ந்திருக்கேன், ஃபைல் பாத்துட்டு சொல்றேன் சார்".

அந்த ஐந்து மாதத்தின் விலை என்ன தெரியுமா? பிரிவு 9(3) என்று ஒன்று இருக்கிறது. முழு விவரக்குறிப்பு ஃபைல் செய்த 12 மாதத்துக்குள் கேட்டால், அதைத் தற்காலிக விவரக்குறிப்பாக (பிறகு முழுமையாக்கும் முதல் தாளாக) கருதச் சொல்லி, எண்கள் எல்லாம் போட்டு நல்லதாக இன்னொன்றைத் தாக்கல் செய்ய வழி உண்டு. மே மாதமே எஃப்ஈஆர் கைக்கு வந்திருந்தால் ஜூலை வரை கேட்டுப் பார்த்திருக்கலாம். அக்டோபரில் அந்தக் கதவு பூட்டியாகிவிட்டது.

இன்னொரு கதவையும் அவர்களே பூட்டியிருந்தார்கள். படிவம் 9, சீக்கிரம் வெளியிடும் கோரிக்கை. "பப்ளிஷ் ஆயிடுச்சு சார், வாழ்த்துகள்" என்று மெசேஜ் அனுப்ப வசதியாக அதைப் போடுகிறார்கள். போடாமல் இருந்திருந்தால் 18 மாதம் வரை விண்ணப்பம் ரகசியமாக இருந்திருக்கும். 15 மாதத்துக்குள் வாபஸ் வாங்கினால் வெளியீடே ஆகாது, புதிதாக எழுதி முதலிலிருந்து போடலாம். இப்போது அந்த அரைகுறை 8 பக்கம் உலகம் முழுக்கப் படிக்கக் கிடக்கிறது. திரும்ப விண்ணப்பித்தால் அதையே எடுத்து முகத்தில் காட்டுவார்கள்.

எஃப்ஈஆருக்குப் பதில் போட 6 மாதம்தான். மூன்று வாரம்கூட மிச்சம் இல்லாதபோது, பதில் எழுதத் தனியாக 14,000 என்றார்கள். முதலில் வாங்கியது 32,000. ஆக 46,000. வேறு வழியில்லாமல் கட்டியாயிற்று. படிவம் 4 போட்டு 3 மாதம் கூடுதல் அவகாசம் கேட்கலாம் என்பதைக்கூட அவர்கள் சொல்லவில்லை.

அந்தப் பதிலின் இரண்டாம் பக்கத்தில் "இந்தச் சமையல் பாத்திரத்தின் கைப்பிடி" என்று ஒரு பத்தி. வேறு யாருக்கோ எழுதியதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். 14,000 ரூபாய்க்கு. திருத்திய க்ளெய்மில் இப்போது 12 டிகிரி, 7 மில்லிமீட்டர், 18 கிராம் எல்லாம் வந்துவிட்டது. வந்து என்ன பயன்? பிரிவு 59 கையைக் கட்டிவிடும். முதலில் தாக்கல் செய்த தாளில் இல்லாததைத் திருத்தம் என்ற பெயரில் உள்ளே கொண்டுவர முடியாது. வரைபடம் காப்பாற்றுமா என்றால், அதில் அளவே இல்லை. போதாததற்கு போட்டோவைப் பார்த்து வரைந்தவர் கீலைத் தண்ணீர் ஓடும் பாதையிலேயே வரைந்து வைத்திருக்கிறார்! எந்தக் குறையைத் தீர்க்க இந்தப் பொருளோ, அதே குறையோடு படம் போட்டிருக்கிறார்கள்.

விசாரணை வீடியோ வழியாக நடந்தது. அவர்கள் தரப்பில் வந்தவர் பொருளைப் பார்த்ததே இல்லை. கீல் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் கேட்டதற்கு "எழுத்தில் தருகிறோம்" என்றார். விசாரணைக்குப் பின் 15 நாளுக்குள் எழுத்துமூல வாதம் தர வேண்டும். கோப்பில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "டிராஃப்டிங் ஆரம்பிச்சுட்டா ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு". வரைவில் இருக்கும் பிழையைச் சுட்டினால் "நீங்கதானே சார் அப்ரூவ் பண்ணீங்க". அதற்கு மேல் கேட்டால் "காப்புரிமை ஆபீஸ் முடிவு எங்க கையில இல்ல". தளத்தில் போட்ட புகார் டிக்கெட் மூன்று முறை "தீர்வு காணப்பட்டது" என்று மூடப்பட்டது.

46,000-இல் அரசுக்குப் போனது எவ்வளவு என்று ரசீதைத் தேடிப் பார்த்தோம். தனிநபர் விண்ணப்பத்துக்கு 1,600. படிவம் 9-க்கு 2,500. பரிசோதனை கேட்கும் படிவம் 18-க்கு 4,000. மொத்தம் 8,100. மீதி 37,900 அந்த 8 பக்கத்துக்கும் சமையல் பாத்திரத்துக்கும்.

ரிவ்யூ மனுவுக்கு ஒரு மாதம், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 3 மாதம் இருக்கிறது. எதில் போனாலும் அந்த எண்கள் முதல் நாள் தாளில் இல்லை என்பது மாறாது.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், இப்போதைக்குச் சுருக்கமாக இதோ.

விண்ணப்ப எண் 12 இலக்கம்: முதல் நான்கு வருடம், ஐந்தாவது அலுவலகம். சென்னை என்றால் 4. அந்த எண்ணை முதல் நாளே வாங்கி, காப்புரிமை அலுவலக இணையதளத்தில் மாதம் ஒரு முறை நீங்களே நிலையைப் பாருங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலும் இருக்க வேண்டும்.

யாருடைய பெயரில் படிவம் 26 (உங்கள் சார்பில் செயல்பட ஏஜென்ட்டுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பார்த்து, அவர் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்டா என்று அதே இணையதளப் பட்டியலில் தேடுங்கள். அவரிடம் நேராகப் பேசாமல் பணம் கட்டாதீர்கள். பொருளைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்க்காதவர் எழுதுகிற க்ளெய்ம் எதற்கும் உதவாது.

வரைவு வந்ததும் "தகுந்த", "எளிதாக", "பொருத்தமான", "போன்ற" என்று வரும் சொற்களுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எவ்வளவு, எங்கே என்று கேளுங்கள். விடை தாளுக்குள் இல்லை என்றால், இரவு 9 மணி ஆனாலும் சரி, அப்ரூவ் செய்யாதீர்கள். படிவம் 9-க்குச் சம்மதிக்காதீர்கள்.

46,000-ஐத் திருப்பித் தரச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் இன்று பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.