நான்கு ஆண்டு யூ-பூட்: ஒரு போர்டு, இரண்டு முறை மூச்சு நின்றது

என் மேசைக்குப் பக்கத்து அலமாரியில் ஆர்கே3399 சில்லு கொண்ட ஒரு சிறிய போர்டு (ஒற்றைப் பலகைக் கணினி) நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்புகளைச் சேமிப்பதும், இரவில் பிற கணினிகளின் நகல்களை வாங்கி வைப்பதும் அதன் வேலை. இதுவரை நூறு முறைக்கு மேல் அது துவங்கியிருக்காது. ஒவ்வொரு துவக்கத்திலும் யூ-பூட், அதாவது இயங்கு தளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரல், எடுத்துக்கொள்வது ஆறேழு விநாடி. எல்லாவற்றையும் கூட்டினாலும் கால் மணி நேரம் தேறாது. அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் செலவழித்த வார இறுதிகளை எண்ணாமல் இருப்பதே மனத்துக்கு நல்லது.

போர்டை விற்றவர்கள் ஒரு பூட்லோடரைப் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அது யூ-பூட்டின் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து கிளைபிரித்து, அவர்களே ஒட்டுப்போட்டு வைத்திருந்தது. இயங்கு தளத்தின் மைய நிரலான கெர்னலின் புதிய பதிப்புகளுடன் அது ஒத்துப்போகவில்லை. நெட்வொர்க் வழியாகத் துவக்கும் வசதியும் வேலை செய்யவில்லை. திருத்தம் எதுவும் வரப்போவதில்லை என்பது ஓராண்டில் தெளிவாகிவிட்டது. அதனால் மூல யூ-பூட்டையே எடுத்து நானே கட்டிக்கொள்வது (கம்பைல் செய்துகொள்வது) என்று முடிவு செய்தேன். முதலில் கட்டியது 2021.01 பதிப்பு, இப்போது ஓடுவது 2024.07. பதிப்பின் பெயரே ஆண்டும் மாதமும் என்பதால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை.

கட்டுவது கடினம் என்று பலரும் தயங்குகிறார்கள். எனக்கு அது எளிதாகவே இருந்தது. மூல நிரலை இறக்கி, பதிப்பைத் தேர்ந்து, போர்டுக்கான அமைப்புகள் அடங்கிய டெஃப்கான்ஃபிக் கோப்பைச் சொல்லி, மடிக்கணினியிலேயே ஆர்ம் 64 பிட்டுக்குக் கட்டித்தரும் குறுக்குக் கம்பைலரைக் காட்டி, மேக் என்று கொடுத்தால் சாதாரண மடிக்கணினியில் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வழியில் பைசன், ஃப்ளெக்ஸ், ஸ்விக் என்று துணைக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும். கேட்டதைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒன்று மட்டும் எரிச்சலூட்டியது. பிழைச் செய்தி 'எல்ஃப்டூல்ஸ்' இல்லை என்கிறது; நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயரோ 'பைஎல்ஃப்டூல்ஸ்'. அரை மணி நேரம் அதில் போயிற்று.

உண்மையான தொல்லை, கட்டியதை எங்கே எழுதுகிறோம், எழுதியது தவறானால் எப்படித் திரும்பி வருகிறோம் என்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் படிக்காமல் நான் இறங்கினேன்.

இந்தச் சில்லின் துவக்கம் ஒரு தொடர் ஓட்டம் போன்றது. சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட சிறிய நிரல் ஒன்று முதலில் விழிக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது. அது எஸ்பிஐ ஃபிளாஷ் என்ற சிறு சேமிப்புச் சில்லைப் பார்க்கும், பிறகு போர்டின் சேமிப்பகமான இஎம்எம்சியை, அதன் பிறகே எஸ்டி கார்டை. எங்கே பூட்லோடரின் அடையாளமான சரியான தலைப்பு கிடைக்கிறதோ அங்கிருந்து அடுத்த கட்டத்தைச் சில்லின் உள்நினைவகத்தில் ஏற்றும். அந்த உள்நினைவகம் 192 கிலோபைட்தான். முழு யூ-பூட் அதற்குள் அடங்காது. எனவே டிபிஎல் என்ற குட்டி நிரல் வந்து முதன்மை நினைவகமான டிராமை உயிர்ப்பிக்கிறது; அடுத்த குட்டி நிரலான எஸ்பிஎல் அந்த டிராமில் மற்றவற்றை இறக்குகிறது. அதன் பிறகு டிரஸ்டட் ஃபர்ம்வேர் என்ற தனித் திட்டத்தின் பிஎல்31 நிரல், கடைசியில்தான் முழு யூ-பூட். இந்த வரிசை மனத்தில் பதிந்திருந்தால், போர்டு கேபிள் வழியாகத் துவக்கச் செய்திகளைக் கணினிக்கு அனுப்பும் சீரியல் திரை எந்த இடத்தில் நின்றது என்பதை வைத்தே நோய் எது என்று சொல்லிவிடலாம்.

சீரியல் திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தச் சில்லின் வழக்கமான வேகம் விநாடிக்கு 15 லட்சம் பிட். என்னிடம் இருந்த சீரியல் கேபிள் 10 லட்சத்தைத் தாண்டாது. திரையில் வந்ததெல்லாம் குப்பை. போர்டுதான் பழுது என்று நினைத்து இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். யூ-பூட்டைக் கட்டும்போதே வேகத்தை 1,15,200-ஆகக் குறைக்கலாம். ஆனால் கெர்னலுக்கும் அதையே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பாதித் துவக்கத்தில் மறுபடி குப்பை கொட்டும். பேசாமல் வேறு கேபிள் வாங்கினேன். இந்த அனுபவத்திலிருந்து யாராவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால், போர்டு வாங்கும் முன் சரியான கேபிளை வாங்குங்கள் என்பேன். அது இல்லாமல் பூட்லோடரைத் தொடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் பாத்திரம் தேடுவதுதான்.

முதல் முறை கட்டியதை எஸ்டி கார்டில் எழுதிச் சொருகினேன். திரையில் வாசகம் வந்தது, கெர்னல் ஏறியது, எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சியாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் துவக்க வாசகத்தை நிதானமாகப் படித்தபோதுதான் அதிலிருந்த தேதி கண்ணில் பட்டது. அது நான் கட்டிய நாள் இல்லை. விற்றவர்கள் கட்டிய நாள். இஎம்எம்சியில் இருந்த பழைய பூட்லோடர்தான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறது. எஸ்டி கார்டுக்கு வரிசையே வரவில்லை. அன்றிலிருந்து எதை எழுதினாலும் முதல் வேலையாக அந்தத் தேதியைத்தான் பார்க்கிறேன். எஸ்பிஎல் ஒரு வரியும் முழு யூ-பூட் ஒரு வரியுமாக இரண்டு இடத்தில் பதிப்பும் தேதியும் வரும். இரண்டையும் பார்க்க வேண்டும். ஏன் என்பது பிறகு.

இஎம்எம்சியின் தொடக்கத்தை அழித்துவிட்டு மறுபடி முயன்றேன். இந்த முறை எஸ்பிஎல் வரி வந்தது. அதற்குப் பிறகு மயான அமைதி. காரணம் பிஎல்31. அதைத் தனியாகக் கட்டி, இருக்கும் இடத்தை யூ-பூட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அது இல்லாமல் கட்டினால் கிடைக்கும் கோப்பு பயன்படாது என்று அந்தப் பழைய பதிப்பு எச்சரிக்கத்தான் செய்தது, ஆனால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் நடுவே ஒரே ஒரு வரியாக. கட்டும் வேலையும் வெற்றி என்றே முடிந்தது. புதிய பதிப்புகள் இதில் எவ்வளவோ கண்டிப்பு. கோப்பு இல்லையென்றால் பிழை சொல்லி நின்றுவிடுகின்றன. பிஎல்31-ஐ ஆர்கே3399-க்குக் கட்ட இன்னொரு கம்பைலரும் வேண்டும் என்பது தனிக் கதை. சில்லுக்குள் மின்சக்தி நிர்வாகத்துக்கென ஒரு சின்ன கார்ட்டெக்ஸ்-எம்0 உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 32 பிட் கம்பைலர்.

இதெல்லாம் சரியாகி, இஎம்எம்சியிலும் எழுதிய பிறகு போர்டு அழகாக ஓடியது, மூன்று வாரம். ஒரு மின்தடைக்குப் பிறகு எழவில்லை.

சீரியல் கேபிளைச் சொருகிப் பார்த்தேன். எஸ்பிஎல் வருகிறது, எந்தச் சாதனத்திலிருந்தும் துவக்க முடியவில்லை என்கிறது, நிற்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. இயங்கு தளத்தை மேம்படுத்தியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. இந்தச் சில்லில் எஸ்பிஎல் அடங்கிய கோப்பு 64-ஆம் செக்டரில் (ஒரு செக்டர் 512 பைட்) தொடங்குகிறது. முழு யூ-பூட் அடங்கிய கோப்பு 16384-ஆம் செக்டரில், அதாவது 8 மெகாபைட் தொலைவில். நான் கோப்பு முறைமைக்கான பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, பழக்கத்தில் 2048-ஆம் செக்டரில், 1 மெகாபைட்டில் தொடங்கியிருந்தேன். பூட்லோடர் உட்கார்ந்திருந்தது என் கோப்பு முறைமையின் வயிற்றுக்குள். அந்த இடம் காலி என்றே கோப்பு முறைமை நினைத்துக்கொண்டிருந்தது. மூன்று வாரம் அங்கே எதுவும் எழுதப்படவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம். மேம்படுத்தல் வந்தது, ஏதோ ஒரு நூலகக் கோப்பு அங்கே குடியேறியது, போயிற்று. எழுதியபோது இல்லாத பிழை என்றைக்கோ ஒருநாள் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பதுதான் இதில் கொடுமை. இப்போது முதல் பார்ட்டிஷன் 16 மெகாபைட்டில், 32768-ஆம் செக்டரில்தான் தொடங்குகிறது.

அந்த முறை மீட்பு எளிதாக இருந்தது. இஎம்எம்சியில் எஸ்பிஎல் நலமாக இருந்ததால், யூ-பூட் எழுதிய எஸ்டி கார்டைச் சொருகியவுடன் அது அங்கிருந்து முழு யூ-பூட்டை எடுத்துக்கொண்டது. திரையில் எஸ்பிஎல்லுக்கு ஒரு தேதி, யூ-பூட்டுக்கு வேறு தேதி. இரண்டு வரியையும் பார்க்கச் சொன்னது இதனால்தான். ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை மறந்தாலும் இதே காட்சிதான் தெரியும்.

இரண்டாவது முறை மூச்சு நின்றதற்கு முழுப் பழியும் என்னுடையது. ஓராண்டுக்குப் பிறகு புதிய பதிப்பைக் கட்ட உட்கார்ந்தேன். முன்பு எந்த டெஃப்கான்ஃபிக் பயன்படுத்தினேன் என்று எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை. பட்டியலில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு இருந்தன. ஒன்று ஒரு வகை டிராம் உள்ள போர்டுக்கு, மற்றது வேறு வகை உள்ளதற்கு. நினைவில் இருந்ததை நம்பித் தேர்ந்து, எஸ்டி கார்டில் சோதித்துப் பார்க்காமல், நேராக இஎம்எம்சியில் எழுதினேன். டிராமை எழுப்பும் இடத்திலேயே போர்டு உறைந்தது. இங்கே எஸ்டி கார்டு உதவாது. உள்ளிருக்கும் நிரல் இஎம்எம்சியில் சரியான தலைப்பைக் கண்டுவிட்டது. அதை ஏற்றி ஓட்டியதோடு அதன் கடமை முடிந்தது. அடுத்து வருவது உறைந்தால் அது திரும்பி வந்து எஸ்டி கார்டைத் தேடப்போவதில்லை.

வழி மாஸ்க்ராம்தான், அதாவது துவக்க எதுவும் கிடைக்காமல் உள்ளிருக்கும் நிரல் கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலை. சில போர்டுகளில் அதற்கென்று பொத்தான் உண்டு. என் போர்டில் இஎம்எம்சியின் கடிகாரக் கம்பியைத் தரை இணைப்போடு (கிரவுண்ட்) சேர்க்க இரண்டு சின்னஞ்சிறு புள்ளிகள் மட்டும். ஒரு கையில் இடுக்கியால் அவற்றைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு மறு கையால் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். இஎம்எம்சி பதில் சொல்லாது. வேறு சாதனமும் இல்லாததால் சில்லு யூஎஸ்பி வழியாகக் காத்திருக்கும். கணினியில் இந்தச் சில்லோடு பேசும் ஆர்கேடெவலப்டூல் நிரலுக்கு அது மாஸ்க்ராம் நிலையில் தென்படும். முதலில் டிராமை எழுப்பும் ஏற்றியை அனுப்பி, பிறகு இரண்டு கோப்புகளையும் அவற்றின் செக்டர்களில் எழுதினேன். முதல் நான்கு முயற்சிகளில் எழுதும்போது தோல்வி. இடுக்கியை எடுக்க மறந்திருந்தேன்! கடிகாரம் இல்லாத இஎம்எம்சியில் எதை எழுதுவது? சாதனம் கணினியில் தென்பட்டவுடன் இடுக்கியை எடுத்துவிட வேண்டும்.

அந்த இரவு கை நடுங்கியது உண்மை. ஆனால் அதன் பிறகு பயம் போய்விட்டது. உள்ளிருக்கும் நிரலை அழிக்க முடியாது என்பதால் மென்பொருளால் மட்டும் இந்தப் போர்டை நிரந்தரமாகக் கொன்றுவிட முடியாது. இந்த மீட்பை முதல் நாளே, போர்டு நலமாக இருக்கும்போதே ஒருமுறை செய்து பழகியிருந்தால் இரண்டு ஆண்டுப் பதற்றம் மிச்சமாகியிருக்கும்.

அன்றாடப் பயன்பாட்டில் இரண்டு சில்லறைத் தொல்லைகள். யூ-பூட் தன் மாறிகளை, அதாவது அமைப்பு மதிப்புகளை, சேமித்து வைக்கும் வசதி பார்க்க நன்றாக இருக்கும். நீண்ட நாளில் அதுவே முள். ஆரம்பத்தில் ஏதோ ஒரு சோதனைக்காக, அவற்றைச் சேமிக்கும் சேவ்என்வ் கட்டளையைக் கொடுத்திருந்தேன். அப்போது எல்லா மாறிகளும், துவக்கக் கட்டளை உட்பட, அப்படியே உறைந்துவிட்டன. பின்னர் யூ-பூட்டில் துவக்கும் முறையே மாறியது. பழைய நீண்ட கட்டளைத் தொடருக்குப் பதில் பூட்ஃப்ளோ என்ற புதிய முறை வந்தது. என் போர்டு மட்டும் புதிய யூ-பூட்டில் பழைய கட்டளையை வைத்துக்கொண்டு விழித்தது. இயல்பு நிலைக்குத் திருப்பிச் சேமித்த பிறகுதான் வழிக்கு வந்தது. இப்போது மாறிகளைச் சேமிப்பதே இல்லை. வேண்டிய மாற்றம் எதுவானாலும் கட்டும்போதே அமைப்பில் சேர்த்துவிடுகிறேன்.

இன்னொன்று வேடிக்கையானது. சில மின்தடைகளுக்குப் பிறகு போர்டு எழாமல் நிற்கும். போய்ப் பார்த்தால் யூ-பூட் கட்டளைக்காகக் காத்திருக்கும். யாரோ விசையை அழுத்தித் துவக்கத்தை நிறுத்தியதுபோல. வீட்டில் யாரும் தொடவில்லை. மறுமுனை அணைந்திருந்த சீரியல் கேபிளைப் போர்டிலேயே விட்டிருந்தேன். மின்சாரம் வரும் நொடியில் அந்தக் கம்பியில் எழும் இரைச்சலை யூ-பூட் விசையழுத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தை மைனஸ் 2 என்று வைத்தால் அது விசையைக் கவனிக்கவே கவனிக்காது. ஆனால் அவசரத்தில் நமக்கும் கதவு சாத்தப்பட்டுவிடும். எனவே குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால்தான் நிற்க வேண்டும் என்று அமைப்பில் மாற்றிக் கட்டினேன். இரைச்சலுக்கு அந்தச் சொல் இன்னும் தெரியவில்லை.

இந்த நான்கு ஆண்டில் யூ-பூட்டுக்குள் பிழை என்று ஒன்றைக்கூட நான் சந்திக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வந்த துன்பமெல்லாம் நான் இழுத்துவிட்டது அல்லது ஆவணத்தில் மூன்றாவது பக்கத்தில் இருந்ததை நான் படிக்காதது. குறை சொல்வதென்றால் அந்த ஆவணங்களைத்தான் சொல்வேன். எழுத வேண்டிய செக்டர் எண் ஓரிடத்தில், பிஎல்31 பற்றி வேறிடத்தில், மீட்கும் வழி பெரும்பாலும் சில்லு நிறுவனத்தின் பக்கத்தில். புதிய பதிப்புகளில் இரண்டு கோப்பையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கொடுப்பது பெரிய ஆறுதல். 64-ஆம் செக்டரில் அதை எழுதினால் போதும், இரண்டாவது எண் தேவையில்லை.

போர்டு வாங்கிய பெட்டியில் வந்த பூட்லோடர் உங்கள் வேலைக்குப் போதுமானால் தொடாதீர்கள். சும்மா இருக்கும் சங்கை ஊத வேண்டாம். கெர்னலைப் புதுப்பித்துக்கொண்டே பல ஆண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் நீங்களே கட்டுங்கள். தாமதிக்காமல் முதல் மாதத்திலேயே கட்டுங்கள், போர்டில் இழக்க எதுவும் இல்லாத நேரத்தில். நான் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். இஎம்எம்சியில் இருப்பதைத் தொடும் முன் அதன் முதல் 16 மெகாபைட்டை நகலெடுத்து, கட்டிய கோப்புகளோடும் டெஃப்கான்ஃபிக் பெயரோடும் ஒரே அடைவில் வைக்கிறேன். அந்த அடைவு முதலில் இந்தப் போர்டிலேயேதான் இருந்தது. இடுக்கியோடு உட்கார்ந்திருந்த இரவில்தான் அது உறைத்தது. இப்போது மடிக்கணினியில் இருக்கிறது.