பழைய லேப்டாப்பில் பாஸ்வேர்ட் இல்லா லாகின்: செக்யூரிட்டி கீயா, போன் பாஸ்கீயா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்குப் பார்க்கும் மேசையில் பழைய லேப்டாப் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஜிமெயிலுக்குள் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக வேலை செய்யும் டிஜிட்டல் சாவி, வைத்து நுழையலாம். அந்தச் சாவியை செக்யூரிட்டி கீயில் (யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி) வைப்பதா, போனில் வைப்பதா, எது நல்லது என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு
கீ: சில ஆயிரம் ரூபாய். ஒன்று தொலைந்தாலும் தவிக்காமல் இருக்க இரண்டாக வாங்க வேண்டும்.
போன்: தனிச் செலவில்லை.

பழைய மெஷினில் ஓடுமா? என்னைக் கேட்டால் இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.
போன்: திரையில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. போன் பக்கத்தில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்த லேப்டாப்பிலும் புளூடூத் வேலை செய்ய வேண்டும். பழசில் அதுதான் முதலில் காலை வாரும்.
கீ: யூஎஸ்பி-ஏ துளை போதும். செருகி, பின் நம்பர் போட்டு, மேலே இருக்கும் உலோக வட்டத்தை விரலால் தொட்டால் சரி. பேட்டரியும் கிடையாது. வாங்கும்போது ஃபிடோ2 (பாஸ்வேர்ட் இல்லா லாகினுக்கான தரம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய யூ2எஃப் தரம் மட்டும் உள்ள கீ, பாஸ்வேர்ட் போட்ட பிறகு வரும் இரண்டாம் கட்டச் சோதனைக்குத்தான் உதவும்.

விண்டோஸ் 7 மெஷினா? குரோம் அதற்கு 2023-லேயே 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. முதலில் அந்த விண்டோஸை மாற்றுங்கள்.

மறதி
கீ: பின் நம்பரைத் தொடர்ந்து 8 முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் பாஸ்கீ எல்லாம் போய்விடும்.
போன்: கூகுள் கணக்கில் சேமித்திருந்தால் புதுப் போனுக்கும் வந்துவிடும்.

புளூடூத் ஒழுங்காக இருக்கும் வீட்டு லேப்டாப்புக்குப் போனே போதும். கம்பெனி மெயில், ஜிஎஸ்டி பில் எல்லாம் வரும் கணக்குக்கு இரண்டு கீ வாங்கி, ஒன்றை பீரோவில் வையுங்கள்.